ஸ்டிக்கர் இல்லாத ஏழாவது ஆள்

முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே பிழைத்த மனிதரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஊர் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனால் அவர் முகம் எப்படி இருக்கும்? தலையெண்ணியின் முகம் அன்று காலை முழுக்க அப்படித்தான் இருந்தது.

தலையெண்ணி என்பது டிப்போவில் வைத்த பெயர். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. எந்த நிறுத்தத்திலிருந்து வண்டி கிளம்பினாலும், முன்னாலிருந்து பின்னால் வரை தலைகளை எண்ணி, கிழித்த டிக்கெட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார். மற்ற கண்டக்டர்கள் கண்ணாலேயே ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு ரைட் சொல்வார்கள். இவருக்கு அது ஆகாது. ஒரு தலை குறைந்தால் டிரைவர் ஹாரனை அடித்துக் கையை ஒடித்துக்கொண்டாலும் விசில் வாய்க்கு வராது.

நாற்காலி மகன் செய்த ஏற்பாடு. மூன்று விமானம் மாறிப் போக வேண்டும், நடுவில் இரண்டு பெரிய விமான நிலையம். இவருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் நரம்பு சுருட்டிக்கொண்டதோடு சரி. ஆனால் நாற்காலி கேட்டுப் பதிவு செய்துவிட்டால், இறங்கும் இடத்தில் ஒருவர் வந்து உட்கார வைத்து, அடுத்த விமானத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடுவார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் பெற்றவர்களுக்கு இதைத்தான் செய்கிறார்களாம். கல்லுக்குண்டு மாதிரி இருப்பவர்கள்கூட நொண்டி வேஷம் போட்டுப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

“உங்களால நடக்க முடியாதுன்னு சொல்லலப்பா,” என்றான் மகன் போனில். “வழி தவறி வண்டியை விட்டுட்டீங்கன்னா அம்மா முகத்துல நான் முழிக்க முடியாது.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் வாயை மூடிக்கொண்டார். மனைவி ஐந்து மாதமாக மகன் வீட்டில் இருக்கிறாள். மருமகளுக்கு ஒத்தாசையாகப் போன இடத்தில் வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்து, நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். அவள் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வேண்டும் என்று அவள் கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. அப்படிப்பட்டவள் போன வாரம் கேட்டாள். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் உங்களை ஒரு தடவை பார்த்துவிட்டால் தேவலை என்றாள்.

எல்லாம் சரியாக நடந்தால் இன்று இரவு எட்டு மணிக்கு மூன்றாவது விமானம் இறங்கும். ஒன்பதரைக்குள் ஆஸ்பத்திரியில் இருப்பார். இந்தக் கணக்கை அவர் ஒரு வாரமாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

முதல் விமான நிலையத்திலேயே சோதனைக்காரர் பிடித்துக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றியாயிற்று, செருப்பைக் கழற்றியாயிற்று, சட்டைப்பையில் இன்னும் ஏதோ கத்துகிறது. எடுத்துப் பார்த்தால் பழைய விசில். ஓய்வு பெற்றவர் எதற்கு விசிலோடு அலைகிறார் என்று கேட்டால் அவரிடமே பதில் கிடையாது. மூக்குக்கண்ணாடி மாதிரி, சட்டை மாற்றினால் அதுவும் கூடவே மாறும். சோதனைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊதிக் காட்டச் சொன்னார். வண்டி கிளம்பினால்தான் ஊதுவது வழக்கம் என்று தலையெண்ணி சொல்லிவிட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் அந்த மனிதர் விசிலைத் தட்டில் போட்டுக் கையை அசைத்து அனுப்பினார்.

இரண்டாவது விமானத்தில் பக்கத்து இருக்கைக்கு மெத்தை வியாபாரி ஒருவர் வாய்த்தார். ஏறின கையோடு, எந்த மெத்தையில் படுத்தால் முதுகு வலி வராது என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். அப்புறம் இவர் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் தூக்கம் விற்கிறவருக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு கண்டக்டரின் தோள். தலையெண்ணி நான்கு மணி நேரம் அசையவில்லை. ஒற்றைக் கையால் சாப்பிட்டார். தூங்குகிற பயணியை எழுப்புவது டிக்கெட் கேட்பதற்கு மட்டும்தான் என்பது அவருடைய பழைய சட்டம். இறங்கும்போது மெத்தைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விமானத்தில் தமக்குத் தூக்கமே வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடது தோள் மரத்துப் போயிருந்தது, கணுக்கால் வீங்கியிருந்தது. மூன்றாவது விமானத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். நாற்காலி ஆட்களையெல்லாம் ஒரு அறையில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கரைத் தோளில் ஒட்டினார்கள். அதில் விமானத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் இருந்தன. இவருடைய எண் நான்கு. அந்த விமானத்துக்கு மொத்தம் ஆறு பேர். கண் தானாக எண்ணிவிட்டது.

ஆறு பேரையும் கூட்டிப் போக ஒரு நீளமான பேட்டரி வண்டி வந்தது. ஓட்டி வந்த அம்மா தமிழ் பேசுகிறவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். நடக்க முடியாதவர்களை ஏற்றி இறக்கி அவளுக்கே நடக்க முடியாமல் போய்விட்டது என்று சிரித்தாள். இவர் கண்டக்டர் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். எந்த வண்டியானாலும் ஜனம் ஒன்றுதான், நிற்பதற்கு முன்னாலேயே எழுந்து நிற்கும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். தொழில்காரரோடு பேசும்போது அலுப்பு கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

“அப்ப ஏறி இறங்குற கணக்கை நீங்களே பாத்துக்கங்கய்யா,” என்றாள் வண்டிக்காரம்மா. “நீங்க ரைட் சொன்னா நான் எடுக்கறேன்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அவள்தான். தலையெண்ணி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

ஒரு திருப்பத்தில் பச்சைச் சால்வை போர்த்திய ஒரு பெண்மணி, வயது அறுபதுக்கு மேல், போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒரு தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். யாரும் நிற்கவில்லை. வண்டிக்காரம்மா நிறுத்தி வாங்கிப் பார்த்தாள். அதே விமானம்தான். ஏறிக்கொள்ளச் சொல்லித் தலையெண்ணியின் பக்கத்தில் இடம் காட்டினாள். பச்சைச் சால்வை பேசிய மொழி அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் பழுப்பு நிறப் பையை மடியில் வைத்து, அதற்குள் துழாவி, ஒரு மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் நன்றி சொல்லி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பாதி வழியில் கழிப்பறை வந்தது. வாசல் இன்னும் தூரம், போகிறவர்கள் போய்விட்டு வாருங்கள், ஐந்து நிமிடம் என்று வண்டிக்காரம்மா அறிவித்தாள். எல்லாரும் இறங்கினார்கள், ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வந்தாச்சா என்று அவள் கேட்டாள். தலையெண்ணி மஞ்சள் ஸ்டிக்கர்களை எண்ணினார். ஐந்து, தன்னோடு ஆறு.

“ரைட், போலாம்,” என்றார்.

வண்டி கிளம்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடப் பயணம், எத்தனையோ வாசல்கள், கடைகள், சரிந்து உட்கார்ந்து தூங்குகிறவர்கள். நடுவில் சக்கரம் மெதுவாகிக்கொண்டே வந்தது. பேட்டரி தீரப்போகிறது என்று அந்த அம்மா முனகினாள். கடைசியில் வாசல் வந்து எல்லாரும் இறங்கினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டார். கையில் மிட்டாய் வந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து இடம் காலி.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் ஒரே குழியில் ஒரே கால் இரண்டு தடவை சறுக்குவது யானைக்கும் நடக்காது.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததும் இதுவேதான். அன்று அவருடைய பஸ்ஸில் அவர் மனைவி ஏறியிருந்தாள். ஊழியர் குடும்பத்துக்குப் பாஸ் உண்டு, டிக்கெட் கிழிக்க வேண்டியதில்லை. வழியில் டீக்கடையில் பத்து நிமிடம் நின்று கிளம்பும்போது அவர் வழக்கம்போலத் தலை எண்ணினார். டிக்கெட் முப்பத்தெட்டு, தலை முப்பத்தெட்டு. விசில் கொடுத்தார். பதினைந்து கிலோமீட்டர் போன பிறகு டிரைவர்தான் கண்ணாடியில் பார்த்து, உன் வீட்டம்மாவைக் காணோமே, கோபித்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாளா என்று கேட்டார். டிக்கெட் இல்லாத தலை அவர் எண்ணிக்கையில் ஏறவே இல்லை.

வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஆனால் பயணிகள் கத்தினார்கள், இரண்டு பேருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, டீக்கடையில் ஒரு பொம்பளை நிற்பாள், அடுத்த வண்டியில் ஏறி வரச் சொல் என்று சொல்லி அனுப்பினார். அவள் நான்கு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள். பொண்டாட்டியை டீக்கடையில் மறந்த கண்டக்டர் என்று இன்றைக்கும் சொந்தபந்தத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் விசில் ஊதிய எந்த வண்டியிலும் அவள் ஏறவில்லை. அது ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை.

வாசலில் இருந்த பெண் ஊழியரிடம் விஷயத்தைச் சொன்னார். கதவு மூட இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது, மைக்கில் கூப்பிடுகிறோம் என்றாள். கூப்பிட்டார்கள், மூன்று மொழியில். மூன்றும் அந்த அம்மாள் பேசிய மொழி இல்லை. வண்டிக்காரம்மா தன் வாக்கி டாக்கியில் கேட்டுப் பார்த்தாள். ஸ்டிக்கர் எண் என்ன என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். எண் இல்லையென்றால் ஆள் தங்கள் பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வண்டியோ சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது.

“எந்தலையிலதான்யா விடியும்,” என்றாள் அவள். “பட்டியல்ல இல்லாதவங்களை ஏத்துனது நான்தானே.”

“ரைட் சொன்னது நான்மா,” என்றார் தலையெண்ணி.

உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பச்சைச் சால்வை யாரோ, இவர் யாரோ. அந்தப் பக்கம் ஒருத்தி நாளைக் காலை வரை வழி பார்த்துப் படுத்திருக்கிறாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது கால்தான்.

வண்டியில் பத்து நிமிடமாக இருந்த தூரம் ஓட்டமும் நடையுமாகப் பதினைந்து நிமிடம் பிடித்தது. தோளில் மஞ்சள் ஸ்டிக்கரோடு வேர்த்து விறுவிறுத்து ஓடும் நாற்காலி ஆளை ஜனம் வேடிக்கை பார்த்தது. அந்த அம்மாள் வேறு எங்காவது அலைந்து போயிருப்பாளோ என்றுதான் வழியெல்லாம் பயம். போயிருக்கவில்லை. கழிப்பறைக்கு எதிரில், வண்டி நின்ற அதே இடத்துக்குப் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். இரண்டு கையும் பைமேல். இவரைப் பார்த்ததும் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. வந்துவிட்டாயா என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.

அன்று நான்கு மணி நேரம் மனைவியும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த டீக்கடை பெஞ்சை நினைத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸைத்தான் நினைத்திருக்கிறார்.

பச்சைச் சால்வைக்கு வேகமாக நடக்க வரவில்லை. சுவரோரம் ஒரு நாற்காலி சும்மா நின்றது. அவளை அதில் உட்கார வைத்துத் தள்ளினார். நாலாபக்கமும் கூட்டம், வழி விடுங்கள் என்று சொல்ல மூச்சு இல்லை. சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். நாலு வருடம் சும்மா கிடந்த விசில், விமான நிலையமே திரும்பிப் பார்த்தது. ஜனம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. நாற்காலியில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

என்ன செய்து என்ன? கதவு மூடி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நின்றது. ஊழியர் பெண் பாவமாகத்தான் பேசினாள். நடக்க முடியாத மனிதர் எங்கே போயிருக்க முடியும் என்று பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தார்களாம். அடுத்த விமானம் மாலையில் கிளம்பி, இன்னொரு ஊரைச் சுற்றிக்கொண்டு, நாளைக் காலை ஒன்பதரைக்கு இறங்கும். இரண்டு பேருக்கும் அதில் இடம் போட்டுத் தந்தாள்.

ஒன்பதரை என்றால், அதற்குள் மனைவியை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

மகன் போனில் முதலில் கத்தினான். அப்புறம் போனை அம்மாவிடம் கொடுத்தான்.

“நான் உள்ள போறதுக்குள்ள வர முடியாதா?”

“முடியாது.”

ஏன் என்று அவள் கேட்டாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். மிட்டாய், ஸ்டிக்கர், ரைட் சொன்னது, எல்லாம். பஸ் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவர் எடுக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

“திரும்பிப் போனீங்களா?”

“போனேன்.”

“வண்டி போயிடும்னு தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்.”

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது, அவள் எழுந்து உட்கார்ந்தாள் போலிருந்தது.

“யாரோ ஒருத்திக்காகத் திரும்பிப் போயிருக்கீங்க,” என்றாள். “சரி. பத்திரமா வந்து சேருங்க. காத்திருந்து எனக்குப் பழக்கம்தான்.”

போனை வைத்துவிட்டாள். அது கோபமா, அலுப்பா, வேறு ஏதாவதா என்று முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்குப் பிடிபடவில்லை. அவர் பச்சைச் சால்வைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஐந்து மணி நேரம் இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் இன்னொரு மிட்டாய் கொடுத்தாள். அவருக்கு அழ வேண்டும் போல இருந்தது, அதற்கும் தெம்பு இல்லை. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

மாலையில் வேறு ஒரு வண்டிக்காரர் வந்தார், கையில் பட்டியல். எண் நான்கு, ஒரு ஆள்தானே என்றார்.

“ரெண்டு பேரு,” என்றார் தலையெண்ணி. “பட்டியல்ல இல்லாதவங்க ஒருத்தங்க இருக்காங்க. அவங்க ஏறுன பிறகு நான் ஏறறேன்.”

மறுநாள் விமானம் இறங்கியதும் அவர் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வாசலில் பச்சைச் சால்வையின் மகள் வந்து கட்டிப்பிடிக்கும் வரை பக்கத்தில் நின்றார். அந்த மகளிடம் தாய் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வெளியே மகன் கார் கதவைத் திறந்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மனைவி கண் விழிக்கும்போது மணி ஒன்று. கட்டியை எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் கட்டில் பக்கத்தில் கசங்கின சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். வாய் வறண்டிருந்ததால் குரல் சரியாக எழும்பவில்லை.

“அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களா?”

“மக வந்து கூட்டிட்டுப் போச்சு. பாத்துட்டுத்தான் வந்தேன்.”

அவள் தலையை லேசாக ஆட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் ஆயிரக்கணக்கான பேரிடம் பேசிய வாய், இதற்கு மட்டும் திக்கியது.

“அன்னைக்கு நான் வண்டியைத் திருப்பியிருக்கணும்.”

அவள் கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கித் தலையணைக்குள் போனது. அப்புறம் அவர் தோளைப் பார்த்தாள். மஞ்சள் ஸ்டிக்கர் இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

“அது என்னது?”

அதுதான் அந்த ஸ்டிக்கர், இது இருந்தால்தான் அங்கே ஆள் கணக்கு என்று அவர் சொன்னார்.

“எனக்கும் அன்னைக்கு ஒண்ணு ஒட்டியிருக்கலாம்,” என்றாள். சிரிக்கப் போய், வயிறு வலித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் அதைத் தோளிலிருந்து மெதுவாக உரித்தார். ஓரம் சுருண்டு, பசை பாதி போயிருந்தது. அதை அவளுடைய ஆஸ்பத்திரிச் சட்டையின் தோளில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். சாயங்காலம் நர்ஸ் வந்து, இது என்ன குப்பை என்று எடுக்கப் போனாள். மனைவி கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.